சாரலுக்கு எடுத்த துணி

“எவன் கையாவது எம் புருசன் மேல பட்டுச்சு, இந்த எண்ணெயக் கோரி மூஞ்சில வீசிருவேன். வாங்கலே, எவன் மொதல்ல வாரான்னு பாப்போம்.”

முருகம்மாள் வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. நேந்திரம் சீவல் பொரிந்துகொண்டிருந்த சட்டிக்குள் குழிக்கரண்டியை விட்டு, கொதிக்கும் தேங்காய் எண்ணெயை அள்ளி நீட்டிப் பிடித்தாள். ஐந்தருவி ரோட்டில் சீசன் கூட்டம் அப்படியே நின்றது. ஈரத்துண்டைத் தலையில் சுற்றியிருந்த வெளியூர்க்காரர்கள் செல்போனைத் தூக்கிவிட்டார்கள்.

அவள் முதுகுக்குப் பின்னால், சிப்ஸ் பாக்கெட் தொங்கும் கயிற்றுக்கு அடியில், சங்கரபாண்டி குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். ஆறடி ஆள். பிதுங்கிய முட்டைக் கண், காதைத் தொடும் மீசை, அம்மைத் தழும்பு விழுந்த கன்னம். அந்தக் கன்னத்தில் இப்போது புதிதாக நாலு விரல் தடம்.

“மயினி, தள்ளி நில்லுங்க. உங்களுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல,” என்றான் முன்னால் நின்ற மாரிச்செல்வம். “எங்க அத்தையக் கொன்னுட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி இங்கன வந்து வாழக்கா சீவுதான்.”

“நீ பாத்தியா?”

“ஊரே பாத்துச்சே. எட்டு எபிசோடு.”

கூட்டத்தில் யாரோ ஒருவன் சிரித்தான். சிரித்ததற்கு அவனே வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்தான்.

மாரிச்செல்வத்தின் அத்தை லோகநாயகி ஆச்சி, இலஞ்சிக்குப் போகிற வழியில் இருந்த வளவின் சொந்தக்காரி. ஒரே முற்றத்தைச் சுற்றி நாலு வீடு. முன்வீட்டில் ஆச்சி தனியாக இருந்தாள். மற்ற வீடுகளில் முருகம்மாள் குடும்பமும் இன்னும் இரண்டு குடித்தனங்களும். இன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் பால்காரி கதவைத் தள்ளிப் பார்த்தபோது ஆச்சி கட்டிலில் கிடந்தாள். முகத்தின் மேல் தலையணை. கழுத்தில் சங்கிலி இல்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு சீசனிலும் இப்படித்தான் நடந்தது. தென்காசி சுற்றுவட்டாரத்தில் தனியாக இருந்த மூன்று கிழவிகள், மூன்று தலையணைகள். செய்தவன் அகப்படவே இல்லை. அந்தக் கதையைத்தான் போன வருஷம் ‘அருவிக்கரை அரக்கன்’ என்று வெப்சீரிஸாக எடுத்தார்கள். அரக்கனாக நடித்தவன் சங்கரபாண்டி.

“கரண்டியக் கீழ வையம்மா. கை வெந்துரும்.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு குடை வந்தது. குடைக்குள் குமரகுரு அண்ணாச்சி. வளவின் கடைசி வீட்டுக்காரர். லாட்ஜ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் கீற்றுத் திருநீறு, யாரையும் அதட்டி அறியாத குரல். அவர் வந்து நின்றதும் மாரிச்செல்வமே ஓரடி பின்னால் போனான்.

“போலீசு வந்துக்கிட்டு இருக்கு. அதுக்குள்ள நீங்க என்னத்துக்குப்பா அடிக்கீங்க? தப்பு பண்ணியிருந்தா சட்டம் பாத்துக்கிடும்,” என்றவர், முருகம்மாளின் பக்கம் குனிந்து, “நீ அவன்கூட ஸ்டேஷனுக்குப் போ. உம் மக செல்வி காலேஜ் விட்டு வந்தா நான் பாத்துக்கிடுதேன். சாரல் விழவும் உன் கொடித்துணியக்கூட எடுத்து வச்சிட்டேன். வீட்டப் பத்தி நினைக்காத,” என்றார்.

முருகம்மாளுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. கரண்டியைச் சட்டியில் போட்டாள்.

ஜீப் வந்தது. ஏறும்போது சங்கரபாண்டி, “செல்விட்ட ஒண்ணும் சொல்லாத,” என்றான்.

“மத்தியானம் கடைய விட்டுட்டு எங்க போனீங்க?”

“பழம் பாக்கத்தான்.”

சொல்லிவிட்டுக் காதைத் தடவினான். கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிறாள். பொய் சொன்னால் அவன் கை காதுக்குப் போகும்.

பக்கத்துக் கடை மூசா தன் ரம்புட்டான் கூடைமேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு மொபட்டை எடுத்தான். அவள் பின்னால் ஏறினாள். வெயிலும் சாரலும் மாறி மாறி முகத்தில் அடித்தன.

“அக்கா, ஒண்ணு கேக்கேன், கோவிக்காத.”

“கேளு.”

“அண்ணன் பழம் பாக்கப் போனேன்னு சொல்லுதாவளே. நேந்திரம் லோடு எறக்குறது எங்க மச்சான்லா. இன்னைக்கு லோடே வரலியே.”

முருகம்மாள் முந்தானையால் முகத்துச் சாரலைத் துடைத்தாள்.

“நான் சந்தேகப்படுதேன்னு நெனைக்காத. பல்லியப் பாத்தா கடைய விட்டு ஓடுத மனுசன். ஆனா, அந்த ஆறாவது எபிசோடுல தலைகாணியத் தூக்கிக்கிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பாவ பாரு. எம் பொண்டாட்டி ஒரு வாரம் தலைகாணி வைக்காமப் படுத்தா.”

“அவரு எங்கடா சிரிச்சாரு. அவரு ‘ஹி’ன்னாரு. பொறவு மெட்ராஸ்ல வேற ஒருத்தன வச்சுச் சிரிச்சுச் சேத்தானுவ.”

மூசாவை அடக்கிவிட்டாள். தன்னை அடக்க முடியவில்லை. அந்தப் படக்காரன் மணிகண்டபிரபு முதல்முதலாகக் கடைக்கு வந்த நாள் ஞாபகம் வந்தது. காரை நேரே கடைமுன் நிறுத்தி, வேறெங்கும் தேடாமல், சங்கரபாண்டியைப் பார்த்ததும் “இந்த முகம்தான்” என்றான். ஒவ்வொரு எபிசோடுக்கும் முன்னால் கறுப்புத் திரையில் எழுத்து ஓடும்: கொலைகாரனை நேரில் கண்ட ஒரே சாட்சி சொன்ன அடையாளப்படி. அடுத்து இவன் கண் மட்டும் திரை நிறைய வரும், செக்கச்செவேல் என்று. அந்தச் சிவப்புக்குக் கண்ணில் எதையோ ஊற்றியதில் மூன்று நாள் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தான். குகைக்குள் வைத்துப் பச்சைக் கறி தின்ன விட்டார்கள். பீட்ரூட்டில் செய்தது. வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தான்.

எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்துமே, ஆறாவது எபிசோடு பார்த்த அன்று, பக்கத்தில் கிடந்த அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தாள். தலையணையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். இதை யாரிடம் சொல்ல?

முதலில் செல்ஃபி எடுக்கக் கூட்டம் அலைமோதியது. பிறகு பெண்கள் கடைக்கு வருவது குறைந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எதிர்ச் சாரியில் போயின. பயப்படாதவள் ஆச்சி ஒருத்திதான். “ஏலே அரக்கா, அந்தப் பருப்பு டப்பாவ எறக்கிக் குடு,” என்று கூப்பிடுவாள்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. ஸ்ரீதேவி மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து தொப்பியை உலர்த்திக்கொண்டிருந்தாள். ஊருக்கு மாற்றலாகி வந்து சில மாசம்தான். சுவரோரம் பெஞ்சில் சங்கரபாண்டி. அவனிடமிருந்து இரண்டு ஆள் தள்ளியே உட்கார்ந்திருந்தான் காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள்.

“உக்காருங்கம்மா. உங்க வீட்டுக்காரர் இன்னைக்கு மத்தியானம் ஆச்சி வீட்டுக்குள்ள போனதப் பால்காரி பாத்திருக்கா. எதுக்குப் போனீங்கன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்குறாரு.”

முருகம்மாள் மெதுவாகத் திரும்பினாள். “பழம் பாக்கப் போனேன்னீங்க.”

சங்கரபாண்டி காதைத் தொடப்போன கையை மடியில் வைத்தான்.

“சொல்லுங்க. நான் இங்கனதான் இருக்கேன். சொல்லுங்க.”

“ஏசாதட்டி.”

“ஏசல. சொல்லுங்க.”

“அந்த மணிகண்டபிரபு போன் போட்டான். ரெண்டாம் பாகம் எடுக்கானாம். நான் சரின்னுட்டேன்.” தலையைக் குனிந்தபடியே சொன்னான். “நீ இனிமே நடிச்சா வீட்டுக்குள்ள வராதன்னு சொன்னல்லா. ஆச்சி சொன்னா நீ கேப்பேன்னு அவியகிட்டப் போய்ச் சொன்னேன். ‘நான் பேசுதேன் போலே’ன்னாவ. முறுக்கு குடுத்தாவ. தின்னுட்டு வந்துட்டேன்.”

எஸ்.ஐ. பேனாவை மேசையில் தட்டினாள். “இதச் சொல்லவா இவ்வளவு நேரம்?”

“கொலைக்கேசுக்குக்கூட ஜாமீன் உண்டு மேடம்,” என்றான் சங்கரபாண்டி.

முருகம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனால் எஸ்.ஐ. சிரிக்கவில்லை.

“நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா ஆச்சிய உயிரோட கடைசியாப் பாத்தது நீங்க. செஞ்சவன் சாதாரணமானவன் இல்லம்மா. ஒரு உயிர எடுத்துட்டு, வெளிய சாரல் விழுதுன்னு கொடியில கிடந்த துணிய எடுத்து, மடிச்சுக் கட்டில் பக்கத்து நாற்காலியில வச்சிட்டுப் போயிருக்கான். பாத்தா ஒடம்பு சிலுக்குது. மனுஷனே இல்ல.”

மேசைக்குப் பின்னால் நின்ற ஏட்டு வீரபாகு தொண்டையைச் செருமினார். மீசை நரைத்தவர். “மேடம், அந்தப் பழைய மூணு கேசுலயும் அப்படித்தான். நான் அப்ப காவலுக்கு நின்னேன். கடையத்துக்குப் பக்கத்துல ஒரு பாட்டி. மொட்டமாடியில காயப் போட்டிருந்த மிளகா வத்தல ஒண்ணு விடாம அள்ளிக் கொண்டாந்து, உள்ள வச்சுச் சாக்கப் போட்டு மூடியிருந்துது. அன்னைக்கும் சாரல்தான்.”

“சீரிஸ்ல அது இல்லையே?”

“படம் எடுக்க வந்தப்ப அந்தப் பையன்கிட்ட நானே சொன்னேன். ‘சார், அரக்கன் வத்தல் அள்ளுனா சனங்க சிரிச்சிருவாங்க’ன்னான். அத விட்டுட்டுக் குகைய வச்சான்.”

முருகம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

“மேடம். ஆச்சிக்கு மூட்டுவலி. படி எறங்க மாட்டாவ. காலையில அவிய துணியத் துவச்சுக் கொடியில போட்டது நான். அது சாரல் விழுந்தப்பம்தான எடுத்திருக்கு?”

“ஆமா. துணியெல்லாம் லேசா ஈரப்பொட்டு விழுந்திருக்கு.”

“சாரல் விழுந்தப்ப இவரு எங்கிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டு இருந்தாரு மேடம். நல்ல வெயில்ல போனாரு, வெயில்லயே வந்துட்டாரு. பொறவுதான் சாரல் புடிச்சுது. அடுப்புக்கு மேல தார்ப்பாயப் புடிங்கன்னா, ஒரு பக்கத்த மட்டும் புடிச்சுக்கிட்டு நிக்காரு. கேளுங்க, மூசா இருக்கான்.”

மூசா வாசலிலிருந்தே செல்போனை நீட்டிக்கொண்டு வந்தான். “மேடம், அப்ப ஒரு மதுரைப் பொண்ணு ரீல்ஸ் எடுத்துச்சு. ‘அரக்கனுடன் அடைமழையில்’னு போட்டிருக்கு. தார்ப்பாயோட அண்ணன் நிக்கிறது, அக்கா ஏசுறது, எல்லாம் இருக்கு.”

எஸ்.ஐ. வாங்கிப் பார்த்தாள். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“இன்னொண்ணும் சொல்லுதேன் மேடம்,” என்றாள் முருகம்மாள். “இத்தன வருசத்துல இந்த மனுசன் சாரலுக்குக் கொடித்துணி எடுத்ததே இல்ல.”

“ஒருநா எடுத்தேன்லா,” என்றான் சங்கரபாண்டி.

“அது உங்க கைலிய மட்டும்.”

எஸ்.ஐ. முகத்தில் முதல்முறையாக ஒரு தளர்வு தெரிந்தது. தன் செல்போனில் ஒரு படத்தைத் திறந்து முருகம்மாளிடம் காட்டினாள். “நீங்க போட்ட துணி இதுதானா, பாத்துச் சொல்லுங்க.”

நாற்காலி. அதில் ஆச்சியின் இரண்டு சேலை, பாவாடை, ஒரு தேங்காய்ப்பூத் துண்டு. சேலைகள் சதுரமாக, ஓரத்தோடு ஓரம் சேர்ந்து. துண்டு மட்டும் மூன்றாக மடிக்கப்பட்டு, சுருட்டி, அதன் முனை உள்ளே செருகப்பட்டிருந்தது. லாட்ஜ் அறைகளில் கட்டில்மேல் புதுத் துண்டு வைத்திருப்பார்களே, அதுபோல.

முருகம்மாளின் விரல் திரையில் அப்படியே நின்றது.

அந்தச் சுருட்டலை அவளுக்குத் தெரியும். சாரல் நாளில் கடையிலிருந்து வீட்டுக்குப் போனால் வாசல் நாற்காலியில் அவள் வீட்டுத் துண்டு அப்படித்தான் இருக்கும். வளவில் எந்தப் பெண்ணும் துண்டைச் சுருட்டுவதில்லை. துணி எடுக்கிற ஆம்பிளை வளவில் ஒருவர்தான். “தங்கமான மனுசன், பாத்துக் கத்துக்கிடுங்க” என்று எத்தனை தடவை இவனிடம் சொல்லியிருப்பாள்.

சாரல் விழவும் உன் கொடித்துணியக்கூட எடுத்து வச்சிட்டேன்.

அவள் வீட்டுத் துணியும் ஆச்சி துணியும் கிடந்தது ஒரே கொடி.

“மேடம்,” என்றாள். “எங்க வளவு குமரகுரு அண்ணாச்சி.”

“அவருக்கு என்ன?”

சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது கிறுக்குத்தனமாகப் பட்டது. எஸ்.ஐ. நாற்காலியில் சாய்ந்தாள்.

“அந்த வெள்ளச்சட்டைப் பெரியவரா? அங்க காவலுக்கு இருக்கிற ரெண்டு பேருக்கும் டீ போட்டுக் குடுத்துட்டு இருக்காராம். இப்பத்தான் போன்ல சொன்னாங்க. துண்டு மடிக்கிறதுக்கெல்லாம் ஒருத்தர எப்படிம்மா சந்தேகப்படுறது? அதோட, பழைய கேசுல நேர்ல பாத்த சாட்சி இருக்கு. ஆறடி, பிதுங்குன கண்ணு, பெரிய மீசைன்னு தெளிவாச் சொல்லியிருக்கு. அந்தப் பெரியவரு அஞ்சடிகூட இல்ல.”

“அந்தச் சாட்சி யாரு மேடம்?”

எஸ்.ஐ. ஏட்டைப் பார்த்தாள். வீரபாகு கையை விரித்தார். “ஃபைலு திருநெல்வேலியில கெடக்கு மேடம். மாவட்டம் பிரிச்சப்ப வரவே இல்ல. சாட்சியப் பெரிய அதிகாரி தனியா விசாரிச்சாரு. பேரு எங்களுக்குச் சொல்லல.”

“படக்காரனுக்குத் தெரியும்லா. சாட்சி சொன்ன அடையாளப்படின்னு போட்டிருந்தானே,” என்ற முருகம்மாள் மணிகண்டபிரபுவுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அடுத்து மகளுக்குப் போட்டாள்.

“எம்மா, அப்பாவ விட்டுட்டாங்களா?” இசக்கிசெல்வியின் குரலில் அழுகை.

“விட்டுருவாவ. நீ எங்கன இருக்க?”

“வீட்லதான். குமரகுரு மாமாவும் இருக்காவ. நம்ம துணியெல்லாம் மடிச்சுக்கிட்டு இருக்காவ. இந்தா, பேசுதியா?”

“வேண்டாம். நீ வெளிய வந்து அந்தப் போலீஸ்காரங்க பக்கத்துல நில்லு. ஏன்னு கேக்காத. நில்லு.”

அதைக் கேட்டுக்கொண்டிருந்த எஸ்.ஐ. எழுந்தாள். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். “வாங்க. ஜீப்புலயே போலாம். அவரையும் ஏத்துங்க.”

வளவு வாசலில் கூட்டம் இன்னும் கலையவில்லை. ஜீப்பிலிருந்து சங்கரபாண்டி இறங்கியதும் பெண்கள் பிள்ளைகளை இழுத்து முந்தானைக்குள் போட்டுக்கொண்டார்கள். மாரிச்செல்வம், “எதுக்கு இவன இங்கன கொண்டு வந்தீங்க?” என்று எகிறினான். எல்லாக் கண்ணும் அந்த மீசைமேல். அந்தக் கூட்டத்துக்குள்ளேயே, முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் துணி வைத்து மடித்துக்கொண்டிருந்த மனிதரை ஒருவரும் பார்க்கவில்லை.

இசக்கிசெல்வி கான்ஸ்டபிள்களுக்குப் பக்கத்தில் நின்றாள். முருகம்மாள் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வந்துட்டியாம்மா,” என்றார் குமரகுரு. “சங்கரபாண்டிய விட்டுட்டாங்களா? நல்லதாப் போச்சு. காப்பி போட்டு மூடி வச்சிருக்கேன். சூடு இருக்கும், குடி.”

“அண்ணாச்சி, ஆச்சி துணிய எடுத்தது நீங்களா?”

கேட்டுவிட்டாள். கேட்கவே கூடாதோ என்று பிறகுதான் தோன்றியது. எஸ்.ஐ. அவளை முறைத்தாள்.

குமரகுரு கொஞ்சமும் பதறவில்லை. “நான் உன் துணிய மட்டும்தான் எடுத்தேன். நான் வரும்போதே ஆச்சி துணி கொடியில இல்லியே. பாவி, அதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிருக்கான்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணில் தண்ணீர் இருந்தது. நிஜத் தண்ணீர். “எனக்குப் பால் வாங்கி வைக்கிறது அவதான்.”

கூட்டத்தில் ஒரு கிழவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். முருகம்மாள் தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் கூசிப்போனாள்.

அப்போது அவள் கையில் செல்போன் அடித்தது. மணிகண்டபிரபு. எஸ்.ஐ. அதைச் சட்டென்று வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, அவளிடமே நீட்டினாள். பேசு என்று கண்ணால் சொன்னாள்.

“அக்கா, சாரி, எடிட்டிங்ல இருந்தேன். நியூஸ் பாத்தேன். அண்ணன் அப்படிப்பட்ட ஆளே இல்லன்னு நான் வீடியோ போடுறேன். பயப்படாதீங்க.”

“அத விடுங்க தம்பி. நேர்ல பாத்த சாட்சின்னு ஒருத்தரு அடையாளம் சொன்னாருன்னு போட்டீங்கல்லா. நீங்க அவரப் பாத்தீங்களா?”

“பாக்காமலா? ரெண்டு நாள் உக்காந்து பேசினாரு. ரொம்ப சாஃப்ட்டான மனுஷன். ‘சனங்க பாத்ததும் நடுங்கணும் தம்பி, அப்பத்தான் எச்சரிக்கையா இருப்பாங்க’ன்னாரு. அந்தக் கண்ணு, மீசை, தழும்பு எல்லாம் அவர் சொன்னதுதான்.”

கூட்டம் செல்போனைச் சுற்றி நெருங்கியது. சாரல் மறுபடி பொடிப்பொடியாக விழத் தொடங்கியது.

“அப்புறம் எங்க வீட்டுக்காரர நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“நான் எங்கக்கா கண்டுபிடிச்சேன். ‘அவன் அச்சு அசல் இப்படித்தான் இருந்தான், இந்த ஆளையே நடிக்க வைங்க’ன்னு அண்ணனோட போட்டோவும் கடை அட்ரஸும் அனுப்பினதே அந்தச் சாட்சிதான். பேர் வெளிய வரக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டார். சரி, இப்ப அண்ணன் உயிர் பிரச்சனைன்னு சொல்றேன்...”

நாற்காலியில் சுருட்டிக்கொண்டிருந்த துண்டின் முனையை உள்ளே செருகாமல் கை நின்றது.

“...உங்க வளவுலயே இருக்காரேக்கா. குமரகுரு சார்.”